ஸ்வெட்டர் தெரியும்... வெட்சூட் தெரியுமா?

"தை மாசத்துக் காலையில ஏற்காடு ஏரிக்கரையில நின்னு பார்த்திருக்கீங்களா? பேசுறப்பவே வாயிலேர்ந்து புகை வரும். அந்தக் குளிரையே பார்த்தவங்க நாங்க. பாண்டிச்சேரி கடல் என்னங்க பெரிய குளிரு?"

ஸ்கூபா டைவிங் போக ஆசைப்படுகிற மலைக்காரர்கள் பலரும் சொல்கிற வார்த்தை இது. நியாயமாகத்தான் தோன்றும். சேர்வராயன் மலையில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கும். அதே சமயத்தில் தமிழ்நாட்டுக் கரையோரக் கடல் நீர் ஏறக்குறைய 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். கணக்குப்படி கடல்தான் இரண்டு மடங்கு சூடு. அப்புறம் எதற்கு ரப்பர் உடை, அதற்கு எதற்குக் காசு?

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. காற்று வேறு, தண்ணீர் வேறு.

உடம்பின் உள்சூடு 37 டிகிரி. சுற்றியுள்ள பொருள் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு வெளியே ஓடும். எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 26 டிகிரி அறையில் பனியனோடு உட்கார்ந்து நாள் முழுக்கப் பேப்பர் படிக்கலாம். அதே 26 டிகிரித் தண்ணீரில் அசையாமல் முக்கால் மணி நேரம் இருந்து பாருங்கள். முதல் பத்து நிமிஷம் சுகமாக இருக்கும். பிறகு விரல் நுனி சுருங்கும், தோளில் ஒரு சிலிர்ப்பு ஓடும், கடைசியில் பல் தந்தியடிக்கும். உடை இல்லாத மனிதன் சும்மா இருந்தால் குளிராத தண்ணீர் என்றால் அது 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கடல் நம் பக்கம் கிடையாது. கோடையில்கூடக் கிடையாது.

ஆக, மலையில் வளர்ந்தது இங்கே உதவாது. மலைக்காரர் உடம்புக்கும் சமவெளிக்காரர் உடம்புக்கும் தண்ணீர் ஒரே வட்டிதான் போடும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் கொஞ்சம் கூடுதல் வட்டி.

முத்துக் குளித்தவர்கள் என்ன போட்டார்கள்?

"அந்தக் காலத்துல தூத்துக்குடியில முத்துக் குளிச்சாங்களே, அவங்க என்ன ரப்பர் சட்டையா போட்டாங்க?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு பல நூற்றாண்டுத் தொழில். தூத்துக்குடிப் பக்கம் பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-ல். சங்கு குளிப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பழைய முத்துக் குளியாட்கள் காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். மேலே வந்து கயிற்றைப் பிடித்து இளைப்பாறி, தோணியில் ஏறி வெயில் காய்ந்து, மறுபடி இறங்குவார்கள். கடல் அமைதியாகவும் சூடாகவும் இருக்கிற பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் பெரும்பாலும் குளிப்பு நடக்கும்.

ஸ்கூபாவில் கதை வேறு. முதுகில் காற்று உருளை இருக்கிறது. ஒரே மூச்சாக 40, 45 நிமிஷம் உள்ளே இருக்கிறீர்கள். வேலை எதுவும் செய்வதில்லை. மீனை வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாக மிதக்கிறீர்கள். உடம்பு சூடு உண்டாக்க வழியில்லை, இழக்க மட்டும் வழி உண்டு. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்தால் தெரியும். மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்பவர்கள் என்பதால் சேலைக்கு மேலே பழைய சட்டையைப் போட்டு, விரலில் துணி சுற்றி இறங்குவார்கள். பாறை கீறாமலிருக்கத்தான் முக்கியமாக. ஆனாலும் தண்ணீரில் அதிக நேரம் இருக்கிறவருக்கு மேலே ஒரு போர்வை வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரப்பருக்குள்ளே காற்று

வெட்சூட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்வெட்டர் குளிரைத் தடுப்பது கம்பளியால் அல்ல, கம்பளி இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றால். நனைந்த ஸ்வெட்டரில் அந்தக் காற்று போய் தண்ணீர் புகுந்துவிடும், குளிரும். வெட்சூட் செய்யும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் லட்சக்கணக்கான குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள் மூடிய அறைகளாக இருக்கின்றன. தண்ணீர் உள்ளே புக முடியாது. அதாவது நனையாத ஸ்வெட்டர்.

நியோப்ரீன் 1930-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்து முக்குளிப்போருக்கு உடை செய்யலாம் என்று 1950-களின் தொடக்கத்தில் யோசித்தவர் ஹியூ பிராட்னர். கலிஃபோர்னியாவில் இருந்த ஓர் இயற்பியல் விஞ்ஞானி. முதல் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர்! குமிழ்கள்தான் சூட்டைக் காக்கின்றன, ஆகவே உடை உலர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை, நனைந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அவருடைய யோசனை.

'உள்ளே போகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது' என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. உள்ளே போன தண்ணீர் நகராமல் இருந்தால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அப்படியே தங்கும். கையை வீசும்போதெல்லாம் அது வெளியேறி, புதுத் தண்ணீர் உள்ளே வந்தால்? ஒவ்வொரு தடவையும் உங்கள் உடம்பு புதிதாக ஒரு குடம் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். இதனால்தான் லூசான 5 மி.மீ. உடையைவிட, உடம்போடு ஒட்டிய 3 மி.மீ. உடை கதகதப்பாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் பணம் பாதி மிச்சம்.

இன்னொன்று. குமிழ் என்றால் அழுத்தத்தில் சுருங்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. குமிழ்கள் பாதியாகும், உடையும் மெலிந்துவிடும். மேலே போட்டுப் பார்த்தபோது இருந்த சூடு கீழே இருக்காது. ஆகவே படகில் நின்றபோது எப்படி இருந்தது என்பதை வைத்து உடையை எடைபோடாதீர்கள். தண்ணீருக்குள் கடைசிப் பத்து நிமிஷம் எப்படி இருந்தது என்று பாருங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு மருத்துவக் காரணமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

எத்தனை மி.மீ.?

கடைகளில் 1, 2, 3, 5, 7 மி.மீ. என்று தடிமன் வாரியாகக் கிடைக்கும். தண்ணீர் 28 டிகிரிக்கு மேலே இருந்தால் லைக்ரா சட்டையோ, முழங்கை முழங்கால் வரை மட்டும் உள்ள 'ஷார்ட்டி'யோ போதும். 24-லிருந்து 28 வரை 3 மி.மீ. முழு உடை. 20 முதல் 24 என்றால் 5 மி.மீ. அதற்கும் கீழே 7 மி.மீ. அது நம் ஊர்க் கவலை இல்லை.

தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவு, கர்நாடகத்தில் முருடேஸ்வர் அருகே இருக்கிற நேத்ராணி... நம் ஆட்கள் போகிற இடங்கள் இவைதான். இவை எல்லாவற்றுக்கும் குளிர்காலத்தில்கூட 3 மி.மீ. முழு உடை ஒன்றே போதும். "தடிமனா வாங்கிட்டா பாதுகாப்புதானே?" என்று 5 மி.மீ. வாங்குவது, சேலத்து வெயிலில் ரஜாய் போர்த்துகிற மாதிரி. அதுமட்டுமல்ல, தடிமன் கூடினால் மிதப்பு கூடும். அதை அமுக்க இடுப்பில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் அதிகமாகக் கட்ட வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாத சுமை.

சரி, 3 மி.மீ. போட்டும் குளிர்கிற உடம்பு எனக்கு என்பவர்கள்? அவர்களும் 5 மி.மீ.க்குத் தாவ வேண்டாம். தலையையும் கழுத்தையும் மூடும் மெல்லிய ஹூட் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. உடம்பெல்லாம் மூடித் தலையை மட்டும் திறந்துவிட்டால் சூடு அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் மங்கி கேப் போட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அளவுப் பட்டியல் வெளிநாட்டு உடம்புக்குப் போட்டது. நம் ஆட்களில் பலருக்கு உயரத்துக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் இறுக்கும், வயிற்றுக்குச் சரியாக இருந்தால் கால் நீளும். கால் நீளம் பெரிய குறையில்லை, கணுக்காலில் மடிப்பு விழுந்தாலும் பரவாயில்லை. நடு உடம்பு பொருந்த வேண்டும். பெண்களுக்குத் தனி வெட்டு உண்டு. ஆண்கள் உடையில் சின்ன சைஸ் எடுத்து ஒப்பேற்றினால் முதுகில் பை மாதிரி இடைவெளி நிற்கும், அங்கேதான் தண்ணீர் தங்கித் தளும்பும்.

புது உடையைப் போடப் பத்து நிமிஷம் பிடிக்கும், அதைப் பார்த்து "சின்னதா இருக்கு" என்று கழற்றிவிடாதீர்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் இழுக்காமல், விரலின் சதைப் பகுதியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றுங்கள்.

போட்ட பிறகு இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டு உள்வாங்குகிற இடத்தில் கணவனோ மனைவியோ கையை வைத்து அழுத்திப் பார்க்கட்டும். அங்கே காற்றுப் பை இருந்தால் அந்த உடை வேண்டாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தொங்கக்கூடாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், குத்துக்காலிட்டு உட்காருங்கள். பிறகு மார்பு நிறைய ஐந்தாறு தடவை மூச்சிழுங்கள். மூச்சு முழுசாகப் போகவில்லை என்றால் உடை சின்னது. தண்ணீருக்குள் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து மூச்சு இன்னும் கஷ்டமாகும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தின் இரண்டு பக்கமும் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கிற நரம்பு முனைகள் உள்ளன. பட்டை அங்கே நெரித்தால் அவை, 'அழுத்தம் கூடிப்போச்சு' என்று தவறாகப் புரிந்துகொண்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தலை சுற்றும், சிலருக்கு மயக்கமே வரும். தரையில் மயக்கம் என்றால் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம். தண்ணீருக்குள்ளேயே மயக்கம் என்றால்? ஆகவே கழுத்து ஒட்டியிருக்கட்டும், நெரிக்க வேண்டாம். கடையிலேயே போட்டுக்கொண்டு பதினைந்து நிமிஷம் நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

விலையை ஏற்றுவதில் முக்கியமானது தையல். மலிவான 'ஓவர்லாக்' தையலில் விளிம்பு உள்பக்கம் தடித்து நிற்கும், தோலை உரசும். வியர்வைக்கே சிவந்துபோகிற தோல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம். 'ஃப்ளாட்லாக்' தையல் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் கசியும், உரசாது. மூன்றாவது வகையில் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் தைத்திருப்பார்கள். தண்ணீர் கசியாது, விலையும் எகிறும். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு ஃப்ளாட்லாக் போதும் என்பது என் கட்சி. டைட்டானியம் பூச்சு, தங்க நிற உள்துணி என்றெல்லாம் சொல்வார்கள். 26 டிகிரித் தண்ணீருக்கு அதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

கடல் அலையில் பலகைச் சவாரி செய்பவர்களின் உடை சில சமயம் விலை குறைவாகக் கிடைக்கும். அந்த ரப்பர் மிருதுவானது, ஆழத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். மேலோட்டமான நீச்சலுக்குச் சரி, 15, 18 மீட்டர் இறங்குவோருக்கு ஆழ்கடல் உடையே மேல். இரண்டு பக்கமும் துணி ஒட்டிய நியோப்ரீனாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக விட்டது நகம் பட்டாலே கிழியும்.

பழைய உடை? தாராளமாக வாங்கலாம், ஆனால் கிள்ளிப் பார்த்து. நல்ல நியோப்ரீன் பஞ்சு போல அமுங்கி உடனே எழும்பும். பலமுறை ஆழத்துக்குப் போய் நசுங்கிய உடை அட்டை மாதிரி மெலிந்து கிடக்கும். பேருக்கு 3 மி.மீ., வேலைக்கு ஒன்றரைதான். முழங்கால், அக்குள், ஜிப் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூக்கில் வைத்தும் பாருங்கள், ஏனென்று பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் இறங்கினாலே, அதிலும் குளிரில், சிறுநீர் அதிகமாகச் சுரக்கும். அவசரத்துக்கு உடைக்குள்ளேயே போய்விடுகிறவர்கள் அநேகம். யாரும் ஒப்புக்கொள்வதில்லை!

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போகிற குடும்பம் உடையே வாங்க வேண்டாம். முதல்முறை இறங்குவோருக்கும் பயிற்சிக்கு வருவோருக்கும் உடை பெரும்பாலும் கட்டணத்திலேயே அடக்கம். வாடகை தனியாக இருந்தால் வாடகையால் உடை விலையை வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கைத் தடவை உங்களால் கடலுக்குப் போக முடியுமா? வளர்கிற பிள்ளைகளுக்கு வாங்குவது சுத்த நஷ்டம், அடுத்த தைக்குள் கால் நீண்டுவிடும். ஆனால் வாடகை உடையையும் மேலே சொன்ன மாதிரியே சோதித்து, பொருந்தாவிட்டால் வேறு கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும், நியோப்ரீனைப் பதப்படுத்தச் சேர்க்கிற ரசாயனத்தால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே லைக்ரா சட்டை போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். வாசலின் தடவுவது ரப்பருக்கு ஆகாது.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதில் சீழ் உள்ளவர்கள் உடை பார்க்கும் முன் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். குளிர், தண்ணீரின் அழுத்தம், நெஞ்சை இறுக்கும் உடை மூன்றும் சேர்ந்தால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

கடைசிப் பத்து நிமிஷம்

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். கோலி சோடாவை உடைத்தால் புஸ்ஸென்று நுரைக்கிறது. அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் குமிழாக வெளியே வருகிறது. கடலுக்குள் இருக்கும்போது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இதேபோல ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகச் சத்தமில்லாமல் போய்விடும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

குளிருக்கு இதில் என்ன வேலை? வாயுவைக் கொண்டுபோவது ரத்தம். உடம்பு சூடாக இருந்தால் ரத்தம் தசைகளுக்கு நன்றாகப் போகும், குளிர்ந்தால் கை கால் நாளங்கள் சுருங்கும். ஆரம்பத்தில் சூடாக இறங்கி நைட்ரஜனை நிறைய வாங்கிக்கொள்கிறோம். முடிவில் விறைத்துப்போய் மேலே வருகிறோம், வாங்கியதை வெளியேற்ற வழி அடைத்துப்போகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. ஆழத்தில் சூடாக இருந்து, மேலே வரும்போது குளிர்ந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். அந்த ஆய்வில் 'குளிர்ந்த தண்ணீர்' என்று வைத்துக்கொண்டது எத்தனை டிகிரி தெரியுமா? 27! நம் குளிர்காலக் கடலின் அதே கணக்கு.

ஆகவே நடுக்கம் வந்துவிட்டால் "இன்னும் காத்து இருக்கே, காசு வீணாகுமே" என்று நீட்டாதீர்கள். குளிரில் மூச்சும் வேகமாக வாங்குவதால் காற்று உருளை எப்படியும் சீக்கிரம் காலியாகும். கூட்டிப்போனவருக்குச் சைகை காட்டி, மெதுவாக மேலே வந்துவிடுங்கள். வந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும் வேண்டாம். திடீர்ச் சூட்டில் குமிழ் உண்டாகலாம். மது கதகதப்பு தரும் என்பது பொய். தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி, இருக்கிற சூட்டையும் வெளியேற்றும்.

பலருக்கு உண்மையான குளிர் தண்ணீரில் இல்லை, படகில். இரண்டு முறை இறங்குவதற்கு நடுவே ஒரு மணி நேரம் ஈர உடையோடு உட்கார்ந்திருப்பார்கள். வாடைக்காற்று அடிக்கும், ஈரம் ஆவியாகும், உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடையை இடுப்புவரை உரித்துத் துடைத்துவிட்டு, மேலே காற்று புகாத ஜெர்க்கின், தலைக்குக் குல்லா. இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஏற்காட்டு வீட்டு ஆணியில் தொங்குகிற அதே ஸ்வெட்டரும் மங்கி கேப்பும்தான். பிளாஸ்க்கில் சூடாகக் கஞ்சியோ சுக்கு மல்லியோ கொண்டுபோங்கள். மாறாக, இறங்குவதற்கு முன்னால் வெயில் இருந்தால் உடையை முழுசாக மாட்டி, ஜிப்பை ஏற்றி உட்கார்ந்திருக்காதீர்கள். வியர்த்து உடம்பு வறண்டுவிடும், அதுவும் குமிழுக்குத் துணை.

இருபது கொண்டை ஊசி வளைவு

மலைக்காரர்களுக்கென்றே இருக்கிற ஆபத்து இனிமேல்தான். பாண்டிச்சேரியில் காலையில் இரண்டு முறை இறங்குகிறீர்கள். மதியம் சாப்பிட்டுக் காரில் கிளம்பினால் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேலம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வீடு. "மறுநாள் பிள்ளைங்களுக்கு ஸ்கூலுங்க, இன்னைக்கே போயிடலாம்" என்பார்கள்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர், ஏறக்குறைய 5,000 அடி. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏழில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. உடம்பில் மிச்சமிருக்கிற நைட்ரஜனுக்கு அது மறுபடியும் சோடா மூடியைத் திறக்கிற மாதிரி. டைவிங் போனவர் உடனே விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறவும் கூடாது என்பது தெரிவதில்லை. விமானத்துக்கு 2002-ல் வல்லுநர்கள் கூடி வகுத்த வரம்பு, உள்ளே 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம் இருக்கும் பயணங்களுக்கானது. ஏற்காடு அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல பயிற்சியாளர்கள் 24 மணி நேரம் என்றே சொல்வார்கள். குளிரில் நடுங்கி வந்தவர்களுக்கு நானும் 24 என்றே சொல்வேன்.

ஊட்டி, கொடைக்கானல் இன்னும் உயரம். முருடேஸ்வர் போகிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி பெங்களூர் வழியாக வந்தால் அதுவே 3,000 அடி. சேலம் மலையடிவாரம்தான், ஆயிரம் அடிக்கும் குறைவு. ஆகவே ராத்திரிக்குச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவது பிரச்னையில்லை, மறுநாள் மதியத்துக்கு மேல் மலை ஏறலாம். லீவு போடுவதாக இருந்தால் திங்கட்கிழமைக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

மலை ஏறும்போதோ, ஏறிய பிறகோ தோளில், முழங்கையில், முழங்காலில் காரணமில்லாத வலி, கை கால் மரத்தல், தலைசுற்றல், சிறுநீர் போக முடியாமை, அசாதாரணமான அசதி... இவை வந்தால் "உடம்பு அலுப்பு, தைலம் தேச்சுப் படுத்தா சரியாயிடும்" என்று விடாதீர்கள். தோலையும் கவனியுங்கள். கழுத்து, அக்குள் பக்கம் சிவந்தால் அது உடை உரசியது. வயிறு, மார்பு, தொடையில் நீலமும் சிவப்புமாகப் படம் படமாகத் தெரிந்தால் அது வேறு. வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள். 108-ஐக் கூப்பிட்டு, "டைவிங் போய் வந்தவர், ஆக்சிஜன் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். படுக்க வைத்து ஆக்சிஜன் தருவதுதான் முதலுதவி. பிறகு உயர் அழுத்த ஆக்சிஜன் அறை இருக்கிற மருத்துவமனை தேவைப்படும். அது எங்கே இருக்கிறது என்று உங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவரிடம் இறங்குவதற்கு முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற அந்த ஒரு நாளில் உடைக்கும் வேலை இருக்கிறது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் காயப் போடுங்கள். கம்பி ஹேங்கரில் தோளைக் கோத்தால் அந்த இடத்தில் நசுங்கிவிடும், கனமான மூங்கிலில் இடுப்போடு மடித்துப் போடுங்கள். வெயில், வாஷிங் மெஷின், இஸ்திரி மூன்றும் ஆகாது. ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். ஏற்காட்டுக்கு ஈரமாகக் கொண்டுபோனால், மூடுபனி நாட்களில் நாலு நாளானாலும் காயாது, பூஞ்சை பிடிக்கும். காய்ந்த உடையைத் தகரப் பெட்டியில் மடித்து அமுக்காமல், சுருட்டி, பீரோவுக்கு மேல்தட்டில் வையுங்கள். மாசியில் ஒரு தடவை எடுத்து ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் அடுத்த தைக்கு ஜிப் மக்கர் பண்ணாது.